நூற்பாலைக்கு ஒன்று, சாயப்பட்டறைக்கு ஒன்று: சுவிட்சும் ஃபைபரும் என் அனுபவத்தில்

பல்லடம் பக்கம் நூற்பாலை, பெருந்துறையில் சாயப்பட்டறை, திருப்பூரில் அலுவலகம் என்று ஒரே முதலாளியின் மூன்று இடங்களிலும் நெட்வொர்க்கைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். கணினி, இயந்திரம், கேமரா எல்லாவற்றின் கேபிளையும் ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் வாங்கப் போனால், கடைக்காரர் "எத்தனை போர்ட் (கேபிள் செருகும் துளை) வேண்டும்?" என்றுதான் தொடங்குவார். நான் முதலில் பார்ப்பது அதில் விசிறி இருக்கிறதா என்பதை.

நூற்பாலைக்குள் விசிறி வைத்த சுவிட்ச் நிலைக்காது. பஞ்சைச் சீவும் கார்டிங், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பகுதிகளில் மிதக்கும் பஞ்சை அது ஓயாமல் உள்ளே இழுக்கும். நூல் அறாமல் இருக்க ஈரப்பதத்தை வேறு ஏற்றி வைத்திருப்பார்கள். ஈரம் பட்ட பஞ்சு சுவிட்சுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டின் மேல் கம்பளியாகப் படிந்துவிட்டால் சூடு வெளியேற வழியில்லை. அப்போதும் சுவிட்ச் ஒரேயடியாகச் சாகாது. மத்தியானத்தில் தானாக நின்று தானாகத் தொடங்கும், இரவு ஷிப்டில் ஒழுங்காக ஓடும். பழி என்னவோ சாஃப்ட்வேர்க்காரர் மேல் விழும்.

விசிறியே இல்லாத, மின் பேனலுக்குள் டின் ரெயில் (DIN rail) என்னும் உலோகப் பட்டையில் மாட்டும் தொழிற்சாலை ரகத்துக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை விட்டது. அலுவலக ரகம் பெரும்பாலும் 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். தொழிற்சாலை ரகத்தில் பல மாடல்கள் மைனஸ் 40 முதல் 75 வரை தாங்கும். மைனஸ் 40 ஊட்டிக்கே அதிகம், அதை விடுங்கள். தகரக் கூரைக்கு அடியில், பூட்டிய பெட்டிக்குள், சித்திரை மாதத்தில் அந்த 75 தேவைப்படும். விலை பல மடங்குதான். ஆனால் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் எட்டு போர்ட் போதும், எல்லா இடத்திலும் இதையே வாங்க வேண்டியதில்லை.

சாயப்பட்டறையின் பகை வேறு: நீராவியும் அசிட்டிக் அமில ஆவியும். கேபிளைச் சுவிட்சில் செருகும் ஆர்ஜே45 முனைகள் அரித்துப்போய் இணைப்பு விட்டுவிட்டு வரும். தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத ஐபி65 தரப் பெட்டி உதவும். கேபிள் அதன் அடிப்பக்கமாக நுழைய வேண்டும், மேலே துளையிட்டால் தண்ணீர் வழிந்து இறங்கும். என்னைக் கேட்டால், சுவிட்சைப் பேனல் அறையிலேயே வைத்துவிட்டு, சாய இயந்திரம் வரை கேபிளை மட்டும் கொண்டுபோவதே மேல்.

அலுவலகத்தில் பெரிய சிக்கல் இல்லை. கேபிள் வழியே கேமராவுக்கு மின்சாரம் தரும் பி.ஓ.இ. சுவிட்ச் என்றால் மட்டும் மொத்த வாட் கணக்கைப் படியுங்கள். 24 போர்ட்டுக்கும் 15.4 வாட் தர ஏறக்குறைய 370 வாட் வேண்டும். விலை குறைந்த மாடலில் பாதிதான் இருக்கும். பகலில் எல்லாம் ஓடும். இரவில் கேமராக்களின் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது வாட் போதாமல் சில கேமராக்கள் அணையும்.

இனி ஃபைபர், அதாவது ஒளி வழியே தகவல் அனுப்பும் கண்ணாடி இழைக் கேபிள். காப்பர் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகாது என்பது எல்லோரும் சொல்லும் காரணம். எனக்கு இடிதான் முதல் காரணம். எங்கள் எடைமேடை ஆலையிலிருந்து 100 மீட்டருக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் ஃபைபர்தான் போட்டிருக்கிறோம். கோடை மழையில் பக்கத்துத் தென்னந்தோப்பில் இடி விழுந்தால் இரு கட்டடங்களின் எர்த் மின்னழுத்தமும் ஒரே அளவில் இருக்காது. அந்த வேறுபாடு காப்பர் வழியே பாய்ந்து இரண்டு முனையிலும் சுவிட்சை எரித்துவிடும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. எலிக்குப் பயந்து இரும்புக் கவசம் போட்ட கேபிள் வாங்கினால், அந்தக் கவசத்தைக் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் எர்த் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இடிக்கு நாமே வழி போட்டுக் கொடுத்தது போலாகும். உலோகமே இல்லாத கேபிளை எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய்க்குள் இழுத்துப் புதைப்பது என் விருப்பம்.

ஃபைபரில் இரண்டு ரகம்: குறைந்த தூரத்துக்கான மல்டிமோட், நெடுந்தூரத்துக்கான சிங்கிள்மோட். எதை எடுப்பது? ஓஎம்3 என்ற தர மல்டிமோடில் வினாடிக்கு 10 கிகாபிட் வேகம் 300 மீட்டர் வரை போகும், ஆலை வளாகத்துக்கு அதுவே போதும். இருந்தும் சிங்கிள்மோடையே எடுக்கிறேன். ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் ஸ்ப்ளைஸ் செய்ய (அறுந்த இழையை ஒட்ட) வருபவர் உள்ளூர் பிராட்பேண்ட்காரர்தான். அவர் கையில் இருப்பது சிங்கிள்மோட் கேபிள்தான். ஃபைபரைச் சுவிட்சோடு இணைக்கும் மாட்யூலின் விலை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. பழக்கத்தில் அவர் பச்சை நிற ஏபிசி முனையை (சாய்வாகத் தீட்டியது) பொருத்திவிடுவார். சுவிட்ச் மாட்யூல்களுக்குப் பொதுவாக வேண்டியது நீல நிற யுபிசி முனை (சாய்வில்லாதது). இரண்டையும் சேர்த்துச் செருகினால் ஒளி இழப்பு ஏறும், முனையும் கெடும். அவர் வண்டியை எடுப்பதற்கு முன் நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.