கூடத்துக் கட்டிலும் மூலையில் ஒரு கேமராவும்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போன இந்த விடுமுறையில் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் பார்த்த வீட்டோடு முதியோர் பராமரிப்பு பற்றிய குறிப்பு இது. ஏஜென்சிக்குப் போன் போட்டால் ஆள் வந்துவிடுகிறார். ஆனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பெட் கேஸா, நடப்பாங்களா?" பெயரையும் அழைக்கும் முறையையும் நாம்தான் சொல்ல வேண்டும். ஊரே 'வாத்தியாரய்யா' என்று கூப்பிட்டவரிடம் "தாத்தா, வாயைத் தொற" என்றால் அவர் வாயை மூடிக்கொள்வார். நமக்கு வாட்ஸ்அப்பில் 'சாப்பிட அடம்' என்று தகவல் வரும்.

பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லைக் கோடியில். அதனால் கட்டிலும் கமோடு நாற்காலியும் கூடத்துக்கு வந்துவிடுகின்றன, வாசலில் நிற்கும் பால்காரருக்கும் தெரியும்படி. ரேழிப் பக்கம் கொடி கட்டி ஒரு வேட்டியைத் தொங்கவிட்டாலே மறைப்பு. உடம்பு துடைக்க எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டாம்: ஒரு கையைத் துடைத்து, துண்டால் மூடிவிட்டு அடுத்த கை.

படுத்தே இருப்பவரை 2 மணி நேரத்துக்கொரு முறை புரட்ட வேண்டும். அடியில் மடித்த வேட்டியை விரித்து, இரண்டு பேர் தூக்கி நகர்த்தணும். இழுத்தால் இடுப்புத் தோல் உரசிக் கிழியும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். ஏர் பெட் (காற்று மெத்தை) மோட்டாரை இன்வெர்ட்டரில் இணையுங்கள், கரண்ட் போனால் காற்று இறங்கிவிடும்.

இனி கணக்கு. 24 மணி நேரத்துக்கு ஒரே ஆள் என்றால் ராத்திரி 12, 2, 4 மணிக்கு அவர் எழ வேண்டும். மூன்றாம் நாளே குரல் கடுக்கும். குணத்தால் அல்ல, தூக்கமில்லாததால். 12 மணி நேர ஷிப்டுக்கு இரண்டு பேர் வையுங்கள். பார்த்துக்கொள்பவருக்குத் தனித்தட்டு, கொல்லையில் சாப்பாடு என்று நடத்தும் வீட்டில் நம் அம்மாவிடம் மட்டும் மரியாதையை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரைகள், பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை எல்லாம் வீட்டுக்கே, இலவசமாக. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567.

கடைசியாக, நாம் வாங்கி மாட்டிவிட்டு வரும் கேமரா. டயப்பர் மாற்றுவது மூன்று நாடுகளில் மூன்று போன்களில் ஓடுகிறது. அதைக் கட்டில் பக்கம் திருப்பாமல் வாசலையும் மருந்து மேசையையும் பார்க்கும்படி வையுங்கள். மாட்டுவதற்கு முன்னால் படுத்திருப்பவரிடமும் பார்த்துக்கொள்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.