ஒரு நாள் பட்டறையா, ஆறு வார ஆய்வகமா, ஆன்லைனா: அறிவியல் ஆசிரியருக்கு எது கைகொடுக்கும்?

பொறியியலையும் ஆற்றலையும் செய்து பார்த்துக் கற்க அறிவியல் ஆசிரியர்களுக்கு இப்போது பல வகைப் பயிற்சிகள் இருக்கின்றன. எதில் சேரலாம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரே அளவுகோல்தான் சொல்வேன்: அங்கே கற்றது அடுத்த மாதம் உங்கள் வகுப்பு மேசைக்கு வருமா?

ஒரு நாள் பட்டறையிலிருந்து தொடங்குகிறேன். காலையில் விளக்கம், அப்புறம் மேசைக்கு ஒரு கிட், மாலையில் சான்றிதழ். இதை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது, ஏனென்றால் கையால் சுற்றும் டைனமோவை நான் முதன்முதலில் தொட்டது அப்படி ஒரு பட்டறையில்தான். எதையும் இணைக்காமல் சுற்றினால் கைப்பிடி லேசாக ஓடுகிறது, எல்.இ.டி. ஒன்றை மாட்டினால் பெரிய மாற்றம் தெரிவதில்லை, பழைய டார்ச் பல்பை மாட்டிய அந்த நொடியே யாரோ எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்துகிற மாதிரி கை கனத்துவிடுகிறது. கணக்கும் அதையேதான் சொல்கிறது: 2 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியர் எடுக்கும் எல்.இ.டி.க்கு 0.04 வாட் போதும், 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்புக்கு 0.75 வாட், அதாவது கிட்டத்தட்ட 19 மடங்கு. ஆற்றல் அழிவின்மை விதியைப் பல வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், அது தோளுக்குப் புரிந்தது அன்றுதான்.

சிக்கல் பள்ளிக்குத் திரும்பிய பிறகு வந்தது. பட்டறையில் கொடுத்த சூரியத் தகட்டில் இரண்டு கம்பிகளை இணைத்தால் எல்.இ.டி. எரிந்தது. வகுப்பில் உதிரியாக வாங்கிய சிலிக்கான் சூரிய மின்கலங்களை வைத்து அதையே செய்தேன், எரியவில்லை. இரண்டைத் தொடராக இணைத்தும் எரியவில்லை. எல்.இ.டி. பழுது என்று நினைத்து மூன்றை மாற்றினேன், நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சிலிக்கான் கலம் நல்ல வெயிலிலேயே சுமார் 0.6 வோல்ட்தான் தரும், சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 1.8 வேண்டும், ஆக நான்கு கலங்களாவது தொடராக இருந்தால்தான் நிம்மதி. கிட்டில் இருந்த தகட்டுக்குள் அந்தக் கலங்கள் ஏற்கெனவே வரிசையாக இணைக்கப்பட்டிருந்தன, அதனால் கேள்வி எழவே இல்லை. எல்லாம் பொருந்தும்படி வரும் கிட் அந்த ஒரு நாளைக் காப்பாற்றிவிடும், ஆனால் எங்கே தவறும் என்பதைக் காட்டாமல் அனுப்பிவிடும்.

இதற்கு நேர் எதிர்முனை, விடுமுறையில் சில வாரங்கள் பொறியியல் ஆய்வகத்திலேயே போய் வேலை செய்வது. அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆசிரியர்களுக்கென்றே இப்படி ஒரு திட்டத்துக்கு நிதி தருகிறது, பெரும்பாலும் கோடையில் ஆறு வாரம் போல நடக்கும். பொறியாளர்கள் ஒரு பொருளை எத்தனை முறை தப்பாகச் செய்கிறார்கள், அதை எப்படிக் குறித்து வைக்கிறார்கள், எடையையும் செலவையும் பார்த்து எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை இவ்வளவு பக்கத்திலிருந்து வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனால் அங்குள்ள கருவி எதுவும் பள்ளியில் இருக்காது. பார்த்ததை எட்டாம் வகுப்புப் பாடமாக மாற்றும் வேலை முழுக்க ஆசிரியர் தலையில்தான் விழும். வழிகாட்டுகிறவர் பொறுமைசாலி இல்லையென்றால் ஆறு வாரமும் அட்டவணை நிரப்புவதிலேயே போய்விடும். வீட்டுப் பொறுப்பு உள்ளவர்களால் அத்தனை வாரம் ஒதுக்கவும் முடிவதில்லை, அது சின்ன விஷயம் இல்லை.

ஆன்லைன் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் (PhET) சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், அருமையானவை, கம்பியில் மின்னூட்டம் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம், நானே வாரம் தவறாமல் பயன்படுத்துகிறேன். கருத்து தெளிய அது போதும். ஆனால் திரையில் கம்பி தளர்வதில்லை. மல்டிமீட்டரின் சிவப்பு முனையை மில்லிஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு பேட்டரியின் வோல்ட்டை அளக்கப் போனால் உள்ளே ஃபியூஸ் போய்விடும், அதற்கப்புறம் அந்தத் துளையில் எந்த மின்னோட்டத்தை அளந்தாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். இதை ஒரு முறை கையால் செய்து, திறந்து, ஃபியூஸ் மாற்றியவருக்குத்தான் வகுப்பில் தைரியம் வரும்.

என் ஓட்டு நான்காவது வகைக்கு: வருடம் முழுவதும் பரவலாக நான்கைந்து சந்திப்புகள், இடையில் மூன்று நான்கு வாரம் சொந்த வகுப்பில் செய்து பார்த்துவிட்டு, உடைந்ததைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வருவது. காற்றாலையை எடுத்துக்கொள்வோம். முதல் சந்திப்பில் எல்லோரும் அட்டை இறக்கைகளைக் காற்றுக்கு நேராகத் தட்டையாக ஒட்டுவோம், சுழலாது. கொஞ்சம் சாய்த்தால் சுழலும். பொம்மை மோட்டாரை ஜெனரேட்டராக வைத்தால் எல்.இ.டி. எரியாது, மீட்டரில் மில்லிவோல்ட்தான் ஏறும். இது வகுப்புக்குப் போனதும் பிள்ளைகள் மின்விசிறியைப் பக்கத்தில் நகர்த்துவார்கள், காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள திறன் எட்டு மடங்காகும் என்பது அங்கேதான் உயிர்பெறும். யாராவது ஒருத்தி, காற்று முழுவதையும் மின்சாரமாக்க முடியாதா என்று கேட்பாள். இறக்கையைக் கடந்த காற்று அங்கேயே நின்றுவிட்டால் பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது, அதனால் உச்சவரம்பு 59.3 சதவீதம்தான் என்ற பெட்ஸ் வரம்பை அடுத்த சந்திப்பில் அவள் கேள்வியோடு சேர்த்துப் படிக்கும்போது அது நமக்கும் மறக்காது.

இந்த வகையின் குறை, ஆள் கரைவது. மூன்றாவது சந்திப்பில் பாதிப் பேர் வரமாட்டார்கள், தேர்வு வரும், தலைமையாசிரியர் அனுப்பமாட்டார். ஒரே பள்ளியிலிருந்து இரண்டு பேராகச் சேர்ந்தால் தாக்குப்பிடிக்கலாம், ஒருவர் விட்டாலும் மற்றவர் இழுத்து வருவார்.

சரி, உங்கள் பக்கத்தில் ஒரு நாள் பட்டறை மட்டும்தான் இருக்கிறதென்றால் அதிலேயே சேருங்கள். சேரும் முன் நடத்துகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு கிட்டுக்கு எத்தனை பேர், உதிரிப் பாகத்திலிருந்து ஒன்றாவது நாங்களே செய்வோமா? மூன்று பேருக்கு மேல் என்றால் மேசைக்கு முன்னாடியே போய் உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரை முதலில் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.