குசாத்சுவா, கினோசாகியா?

இரண்டும் ஜப்பானின் வெந்நீர் ஊற்று ஊர்கள். டோக்கியோவிலிருந்து கிளம்பினால் குசாத்சு, கியோட்டோவிலிருந்து என்றால் கினோசாகி பக்கம். ரயிலில் இரண்டுக்கும் சுமார் இரண்டரை மணி நேரம். ஆனால் குசாத்சுவில் ரயில் நிலையமே இல்லை. நாகானோஹாரா-குசாத்சுகுச்சியில் இறங்கி 25 நிமிடம் பேருந்து.

குசாத்சு ஊற்றுநீர் கடும் அமிலம், பி.எச். சுமார் 2. வெள்ளி நகை கறுக்கும், சிராய்ப்பு எரியும், கண்ணில் படவே கூடாது. முதல் முறை மூன்று நிமிடம் போதும்.

கினோசாகியில் மென்மையான உப்புநீர். விடுதியில் தங்குவோருக்கு ஊரின் பொதுக் குளியலகங்களில் கட்டணமில்லை. யுகாத்தாவும் (மெல்லிய பருத்தி அங்கி) மரச்செருப்புமாக ஒவ்வொன்றாக ஏறி இறங்கலாம். பச்சை குத்தியவர்களுக்கும் தடையில்லை. ஆனால் ஒவ்வொரு குளியலகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. நண்டுக் காலமான நவம்பர்–மார்ச்சில் அறை வாடகை எகிறும்.

அரட்டைக்காகவே போகிற பயணமா? கினோசாகிதான். ஆணும் பெண்ணுமாகப் போனால் குளியல் தனித்தனி. வாசலில் சந்திக்கும் நேரத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.