மன்னார்குடி வாடகை லைப்ரரியும் அதன் மேஜை நோட்டும்

மன்னார்குடி ஹரித்ராநதித் தெப்பக்குளத்தின் வடகரையில், பழைய ஓட்டு வீடு ஒன்றின் முன்கட்டில் இருக்கிறது இந்த வாடகை லைப்ரரி. பெயர்ப் பலகை கிடையாது. வாசல் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கும் வார இதழ்கள்தான் அடையாளம். இந்தப் பக்கத்து ஊர்களில் முன்பெல்லாம் இப்படிப்பட்ட கடைகள் சாதாரணம். இப்போது தேடித்தான் போக வேண்டும். அதற்காகப் பாவம் பார்த்து நல்லதாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். குறைகளும் இருக்கின்றன, சொல்கிறேன். ஆனால் இங்கே ஒரு நோட்டு இருக்கிறது. முக்கியமாக அதைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் ஒரு மேஜை. அதன்மேல் நீளமான கணக்கு நோட்டு. சணல் கயிற்றில் பேனா கட்டியிருக்கும். அட்டையில் ‘இப்ப என்ன படிக்கிறீங்க?’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறார்கள். வருகிறவர்கள் தேதி, பெயர், ஊர், இப்போது கையில் இருக்கும் புத்தகம், எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறோம் என்பதை எழுதி, மனசில் பட்டதை ஒரு வரி சேர்க்கலாம். படித்து முடித்த புத்தகத்தை எழுதக் கூடாது. அது ஒன்றுதான் கட்டுப்பாடு.

லைப்ரரி நடத்துகிற ஐயா முன்பு பேப்பர் ஏஜென்சி எடுத்திருந்தவர். “ஏன் ஐயா பக்க எண்ணெல்லாம் கேக்குறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “முடிச்ச புத்தகத்தைக் கேட்டா எல்லாரும் அருமைன்னுதான் எழுதுவாங்க தம்பி. நடுவுல இருக்கும்போது கேட்டாத்தான் நெசம் வரும்” என்றார்.

நோட்டைப் புரட்டினால் அவர் சொன்னது சரி என்று தெரிகிறது. ‘மோகமுள்’ படிக்கும் ஒருவர் எழுபதாம் பக்கத்தில் இருக்கும்போது, ‘கும்பகோணம் கண்ணுக்கு முன்னால தெரியுது, கதைதான் நகர மாட்டேங்குது’ என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், ‘எங்க ஊர்க்காரர் எழுதினது. அவசரப்படாதீங்க. தேவங்குடி’ என்று ஒரு வரி. ‘மோகமுள்’ எழுதிய தி. ஜானகிராமன் 1921இல் பிறந்த தேவங்குடி இங்கிருந்து பக்கம்தான். சில பக்கங்கள் தள்ளிப் பார்த்தால் முதலில் எழுதியவரே மறுபடி வருகிறார்: ‘பக்கம் 300க்கு மேல. ரங்கண்ணா வர்ற இடத்தையெல்லாம் திரும்பப் படிக்கிறேன்.’ ரங்கண்ணா நாவலில் வரும் சங்கீத வாத்தியார். ஒரு மனிதர் ஒரு நாவலுக்குள் மெல்ல மெல்ல இறங்குவதை இப்படித் தேதியோடு வேறெங்கும் நான் பார்த்ததில்லை. விமர்சனக் கட்டுரைகளில் எழுதியவர் கடைசியாக வந்து சேர்ந்த இடம்தான் இருக்கும். தடுமாறிய எழுபதாம் பக்கம் இருக்காது. புதிதாகப் புத்தகத்தை எடுக்கிறவனுக்குத் தைரியம் கொடுப்பது அந்த எழுபதாம் பக்கம்தான்.

இன்னொன்று, எழுதியவர் யார் என்று தெரியும். போனில் ஐந்து நட்சத்திரம் போட்டவரை நான் எங்கே போய்ப் பிடிப்பது? நோட்டில் எழுதியவர் பாமணி ஆற்றுப் பாலத்தில் எதிரே வருவார். வண்டியை நிறுத்தி, “என்ன, எந்தப் பக்கத்துல இருக்கீங்க?” என்று கேட்கலாம். கேட்டிருக்கிறேன்.

எனக்கு மோட்டார் வைண்டிங் தொழில். செப்புக் கம்பிச் சுருளை (காயில்) கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காய வைத்துவிட்டால் அது காயும்வரை அந்த மோட்டாரில் கை வைக்க முடியாது. என் படிப்பெல்லாம் அந்த நேரத்தில்தான். ஜூன் 12 மேட்டூர் அணை திறப்புக்கான தேதி. இங்கே கடைமடை என்பதால் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதுவரை நாற்றங்காலுக்கு போர்வெல் மோட்டார் தண்ணீர்தான். எரிந்த மோட்டார்கள் அப்போதுதான் கடையில் குவியும். எனவே ஆனி, ஆடியில் என்னால் படக்கதைக்கு மேல் படிக்க முடியாது. எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். நோட்டைப் பார்த்தால் ஊரே அப்படித்தான் படிக்கிறது. நடவு நேரத்துப் பக்கங்களில் காமிக்ஸும் சிறுகதையும்தான் அதிகம். ‘நாத்து பறி நடக்குது, அதனால படக்கதை’ என்று வடுவூர்க்காரர் ஒருவர் காரணத்தோடு எழுதியிருக்கிறார். தை அறுவடை முடிந்து, மாசி பங்குனியில் கனமான நாவல்களும் சரித்திரக் கதைகளும் வந்துவிடுகின்றன. லைப்ரரி ஐயாவும் இதைக் கவனித்து அந்தந்த மாதத்துக்குத் தகுந்தபடி முன் வரிசையை மாற்றி அடுக்குகிறார். இந்த ஊர் மண்ணும் தண்ணியும் தெரிந்தவருக்குத்தான் இது தோன்றும்.

காமிக்ஸ் பக்கம் வருவோம். கண்ணாடி பீரோ ஒன்று முழுக்க அதற்குத்தான். 1972இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’ தொடங்கி, ராணி காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்று அடுக்கி வைத்திருக்கிறார். பழைய முத்து காமிக்ஸ் இன்று சேகரிப்பவர்களிடம் பெரிய விலைக்குப் போகிறது. அதனால் அவற்றை வீட்டுக்குத் தருவதில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கலாம், ஐந்து ரூபாய். மற்றவை வீட்டுக்கு எடுத்துப்போக வாரம் பத்து ரூபாய். இரும்புக்கை மாயாவி இங்கிலாந்தில் 1962இல் ‘வேலியண்ட்’ இதழில் தொடங்கிய கதை. வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், இரும்புக் கை மட்டும் காற்றில் தெரியும். ஷாக் அடித்தால் என்ன ஆகும் என்று தொழிலிலேயே தெரிந்துகொண்டவன் நான். ஆனாலும் அந்தப் பக்கங்களை நம்பித்தான் படிக்கிறேன். காரணம் பிளாஸ்கோவின் கோடுகள். கறுப்பு வெள்ளையிலேயே உலோகத்தின் பளபளப்பையும் பயந்த முகத்தின் வியர்வையையும் கொண்டுவந்துவிடுகிறார். யாரோ தொடாமலே கதவு திறக்கிற மாதிரி, அந்தக் கை மட்டும் கைப்பிடியைப் பிடித்திருக்கும் கட்டங்களில் கண் நின்றுவிடுகிறது.

இதை நோட்டில் எழுதி வைத்தேன். அடுத்த முறை போனபோது பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் கீழே, ‘அண்ணே, மறையறதுக்கு எத்தனை வோல்ட் வேணும்?’ என்று கேட்டிருந்தார். ‘அது கதையில தம்பி. வீட்டில ஆர்.சி.சி.பி. மாட்டியாச்சா பாரு’ என்று பதில் எழுதினேன். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் கருவி அது. அவர் அப்பாவோடு என் கடைக்கே வந்து விவரம் கேட்டு, வாங்கி மாட்டிவிட்டார். ஒரு காமிக்ஸால் ஒரு வீட்டுக்குப் பாதுகாப்பு வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

டெக்ஸ் வில்லருக்கு இங்கே தனிக் கூட்டம் உண்டு. 1948இல் இத்தாலியில் போனெல்லியும் கல்லெப்பினியும் உருவாக்கிய அந்தக் குதிரை வீரரை சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தமிழில் தருகிறது. புது இதழ் வந்தால் நோட்டில் வரிசை போட்டுவிடுகிறார்கள். நெல் லாரி ஓட்டுகிற ஒருவர், கொள்முதல் நிலையத்தில் லோடு ஏற்றக் காத்திருக்கும்போதே இதழை முடித்துவிடுகிறார். அவர் எழுதும் பக்க எண்ணெல்லாம் கடைசிப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு முன்னால்தான் இருக்கும்.

பைண்டு செய்த தொடர்கதைகள் இந்த லைப்ரரியின் பெரிய சொத்து. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ பக்கங்களை யாரோ வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த தொகுதிகள், மணியம் ஓவியங்களோடு, அந்தக் காலத்து விளம்பரங்களோடு இருக்கின்றன. கடையில் புதிதாகக் கிடைக்கும் பதிப்பை விட இதைத்தான் சிபாரிசு செய்வேன். வாராவாரம் காத்திருந்து படித்தவர்களின் கண்ணோடு படிக்கலாம். ஒரு தொகுதியில் நடுவே ஒரு அத்தியாயம் இல்லை. ஒரு அம்மா, ‘அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாம அடுத்ததைப் படிக்க மனசு வரல’ என்று நோட்டில் எழுத, திருமக்கோட்டையிலிருந்து வருகிற ஒருவர் தன் வீட்டு பைண்டிங்கிலிருந்து அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இப்போது அது தொகுதிக்குள்ளேயே ஒட்டப்பட்டிருக்கிறது.

புத்தகம் ஆளைத் தேடிப் போவது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. 1931இல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் அமைத்துச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அனுப்பினார். அதே 1931இல்தான் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இந்த நோட்டு அதைத்தான் செய்கிறது. மூலை ரேக்கில் தூசி படிந்து கிடந்த மீன்பிடி வலை பற்றிய ஒரு சிறு நூலை, முத்துப்பேட்டைக்காரர் ஒருவர் எழுதிய ஒற்றை வரியால் இப்போது மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, குறைகள். முதலாவது வெளிச்சம். பின்கட்டு ரேக்குகளுக்கு ஒரே ஒரு டியூப் லைட். மாலையில் முதுகு அட்டையில் இருக்கும் பெயரைப் படிக்க போன் டார்ச் தேவைப்படுகிறது. புத்தகப் பட்டியல் கிடையாது, எல்லாம் ஐயாவின் ஞாபகத்தில்தான். அவர் வெளியூர் போய்விட்டால் கடையில் இருக்கும் பையனுக்கு எதுவும் தெரியவில்லை. ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ் வாங்குகிறார்கள், ரசீது கேட்டால்தான் தருகிறார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாவல்களுக்கு வாடகை, விலையில் பத்தில் ஒரு பங்கு. இது நியாயம்தான். குழந்தைகளுக்கு அம்புலிமாமா நிறைய இருக்கிறது, அறிவியல் நூல்கள் ரொம்பக் குறைவு. வேதாளம் ஏன் ஒவ்வொரு தடவையும் மரத்துக்கே திரும்பிப் போகிறது என்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டில் கேட்டிருக்கிறாள். கேட்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இன்னும் புத்தகம் வாங்கிப் போட வேண்டும்.

ஐப்பசி மழையில் பின்சுவர் ஓதம் காக்கிறது. வசம்பும் வேப்பிலையும் துணியில் முடிந்து வைத்தும் கீழ்த்தட்டுப் புத்தகங்களில் ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருக்கிறது. அதைவிட எனக்குக் கவலை, எழுதித் தீர்ந்த பழைய நோட்டுகள். அவற்றைக் கயிறு கட்டிப் பரணில் போட்டிருக்கிறார். ஒரு ஊர் எந்தெந்த மாதத்தில் எதைப் படித்தது, எந்தப் பக்கத்தில் தடுமாறியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. போனில் படமாவது எடுத்து வைக்கலாம் என்று சொன்னேன், “நீங்களே வந்து எடுங்க தம்பி” என்றார். வார்னிஷ் காயும் நேரங்களில் எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். மன்னார்குடியில் இருப்பவர்கள் யாராவது கூட வந்தால் மழைக்கு முன்னால் முடித்துவிடலாம்.

காலை பத்திலிருந்து ஒன்று, மாலை நாலரையிலிருந்து எட்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை. ‘மோகமுள்’ளுக்கு இப்போது இரண்டு பேர் வரிசையில் இருக்கிறார்கள், சொன்னால் பெயர் எழுதி வைப்பார்.