ட்வீசருக்கு ஒரே நிழல்: ஓஎல்இடி மேசை விளக்கோடு ஐந்தரை வருடம்

நான் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவன். இருபத்தாறு வருடமாக இதே வேலை. கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு, நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் சட்டைப் பொத்தான் அளவு இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு விளக்கும் ட்வீசர், ஸ்க்ரூ டிரைவர் போல ஒரு கருவிதான். அது சரியில்லை என்றால் அன்றைய வேலையும் சரியாக வராது, ராத்திரி தலைவலியும் போகாது.

ஓஎல்இடி, அதாவது கரிமப் படலமே ஒளிரும் தட்டைப் பலகை கொண்ட மேசை விளக்கு இரண்டை அடுத்தடுத்து வைத்திருந்திருக்கிறேன். முதலாவது நான்கு வருடம் உழைத்துவிட்டு அணைந்துபோனது. இரண்டாவது ஒன்றரை வருடமாக எரிகிறது. இரண்டுக்கும் சேர்த்தே இந்த விமர்சனம். வெளிச்சத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வாங்குகிறவர் பார்க்க வேண்டிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் என்னிடம் இருந்தது நல்ல எல்இடி விளக்கு. நீளமான தலை, அதில் வரிசையாக 36 சில்லுகள், ஒவ்வொன்றும் ஒளிரும் ஒரு சின்னப் புள்ளி. வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அதன் கீழே ட்வீசரைப் பிடித்தால் நிழல் சீப்புப் பல் மாதிரி விழும். ஒவ்வொரு சில்லும் தன் பங்குக்கு ஒரு நிழலைப் போடுகிறது. கடிகாரத்தின் ஹேர்ஸ்பிரிங் தலைமுடியைவிட மெல்லிய சுருள். அதன் சுற்றுகள் ஒன்றை ஒன்று தொடாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. இந்தச் சீப்பு நிழலில் எது கம்பி, எது நிழல் என்று பிரித்துப் பார்க்கவே முதல் ஐந்து நிமிடம் போய்விடும். பளபளப்பான தகடுகளில் அந்த 36 சில்லுகளும் ஊசிமுனைகளாகத் திரும்பிக் கண்ணைக் குத்தும். சாயங்காலம் கண்ணை மூடினாலும் அந்தப் புள்ளி வரிசை தெரியும்.

ஓஎல்இடியில் சில்லு என்ற பேச்சே இல்லை. கண்ணாடிப் பலகையின் மேல் கரிமச் சேர்மங்களை அடுக்கடுக்காகப் படியவைத்து, மேலும் கீழும் மின்முனை கொடுத்து, விளிம்பெல்லாம் அடைத்துவிடுகிறார்கள். அந்தக் கரிம அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே சில நூறு நானோமீட்டர்தான், தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட வராது. மின்சாரம் பாய்ந்தால் முழுப் பரப்பும் ஒரே சீராக ஒளிரும். என் விளக்கின் பேனல் பத்து சென்டிமீட்டர் சதுரம், பின்தகட்டோடு சேர்த்து இரண்டு மில்லிமீட்டர் கனம். எரியும்போதே நேராகப் பார்க்கலாம், கூசாது. கைவைத்தால் இளஞ்சூடு. ஆகவே அதை வேலைக்கு இருபது சென்டிமீட்டர் பக்கத்திலேயே இறக்கி வைத்துக்கொள்கிறேன். நெற்றிக்குக் கிட்டத்தில் விளக்கு இருப்பது உறுத்தவே இல்லை.

முதல் நாள் நான் செய்து பார்த்தது எண்ணெய் வேலை. கடிகாரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரமான பேலன்ஸ் வீலின் அச்சு ஒரு சின்ன மாணிக்கக் கல்லில் சுழல்கிறது. அதன் மேல் மூடிக்கல் என்று இன்னொன்று உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு துளி எண்ணெய் வட்டமாக நிற்க வேண்டும். வட்டம் சிறுத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும், பெருத்தால் வழிந்துவிடும். பழைய விளக்கில் கல்லின் மேல் புள்ளிகள் மின்னுவதால் எண்ணெயின் விளிம்பு எங்கே முடிகிறது என்று ஊகிக்கத்தான் முடியும். இந்தப் பேனலைச் சற்றுச் சாய்த்ததும் கல்லின் முகத்தில் முழு வெள்ளை படிந்தது. அதற்குள் எண்ணெய் வட்டம் பென்சிலால் வரைந்த கோடு மாதிரி நின்றது. அன்றைக்கு, முன்பே எண்ணெய் போட்டு முடித்திருந்த இரண்டு கடிகாரங்களைத் திறந்து மறுபடி பார்த்தேன். ஒன்றில் எண்ணெய் கூடுதலாக இருந்தது. துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.

பாலிஷ் வேலையிலும் இதே கதை. எஃகுத் துண்டைக் கண்ணாடி மாதிரி தேய்த்தால், ஒரு கோணத்தில் முழு வெள்ளையாகவும் அடுத்த கோணத்தில் முழுக் கருப்பாகவும் தெரிய வேண்டும். அதைச் சோதிக்க அகலமான, சீரான ஒளி வேண்டும். பேனலின் நேர்விளிம்பு எஃகில் பிரதிபலிக்கும்போது எங்காவது நெளிந்தால் அங்கே தட்டை குறைவு என்று அர்த்தம். நிறமும் நம்பலாம். சூடேற்றி நீலமாக்கிய ஸ்க்ரூக்களில் நீலம் எது, ஊதா பக்கம் போய்விட்டது எது என்று பிரித்து எடுக்க முடிகிறது.

ஒரு குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒளி கீறலை மறைக்கும். கடிகாரக் கண்ணாடியில் முடி போன்ற கீறல் இருந்தால், கூர்மையான புள்ளி ஒளி சாய்வாக விழுந்தால்தான் அது எழுந்து தெரியும். எல்லாப் பக்கமிருந்தும் மென்மையாக வரும் ஒளியில் கீறல் கரைந்துபோகிறது. மேசை இழுப்பறையில் ஒரு சின்ன எல்இடி டார்ச் அதற்காகவே கிடக்கிறது. தகட்டில் பொறித்த எண்களைப் படிக்கவும் அதைத்தான் எடுக்கிறேன்.

இவ்வளவு நல்ல வெளிச்சம் ஏன் எல்லார் மேசையிலும் இல்லை என்று முதல் வருடம் முழுக்க யோசித்தேன். தேடிப் படித்ததில் புரிந்தது இது. 1987-இல் ஈஸ்ட்மேன் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவரும் பத்து வோல்ட்டுக்கும் குறைவில் ஒளிரும் கரிமப் படலத்தைச் செய்து காட்டினார்கள். கரிமப் பொருளில் மின்சாரம் உண்டாக்கும் ஆற்றல் கூடிய கிளர்நிலைகளில் நான்கில் ஒரு பங்குதான் சாதாரணமாக ஒளியாகும், மீதி வெப்பமாக வீணாகும். இரிடியம், பிளாட்டினம் போன்ற கன உலோகங்களைக் கலந்து அந்த மீதியையும் ஒளியாக்கும் வழியை 1998-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் அது நன்றாகவே கைகொடுத்தது. நீலம்தான் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. அதனால் வெள்ளைப் பேனல்கள் பெரும்பாலும் நீலத்துக்கு மட்டும் திறன் குறைந்த பழைய வகையையே வைத்துக்கொண்டன.

உண்டான ஒளியும் எளிதில் வெளியே வருவதில்லை. கரிம அடுக்கின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் அளவு, கண்ணாடியைவிட அதிகம், கண்ணாடியுடையது காற்றைவிட அதிகம். ஒவ்வொரு எல்லையிலும் ஒளி உள்ளேயே திரும்புகிறது. தனி ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கண்ணுக்கு வந்து சேரும். அதற்கென்று படலம் ஒட்டினால் கூடும், செலவும் கூடும்.

இதற்குள் எல்இடி எங்கேயோ போய்விட்டது. நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கொடுத்த சமயத்திலேயே அது வீட்டு பல்பாகிவிட்டிருந்தது. இன்று ஒரு வாட் மின்சாரத்துக்கு 150 லூமன் வெளிச்சத்தைத் தாண்டும் எல்இடி சாமானியமாகக் கிடைக்கிறது. ஓஎல்இடி பேனலில் நல்லது என்பதே அறுபதிலிருந்து தொண்ணூறுக்குள்தான். விளக்குச் சந்தை லூமனையும் விலையையும் வைத்தே எடைபோடுகிறது. ட்வீசருக்கு எத்தனை நிழல் விழுகிறது என்று பெட்டியின் மேல் யாரும் அச்சடிப்பதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

போதாததற்கு, விளிம்பில் எல்இடி வைத்து ஒளியைப் பலகை வழியாகப் பரப்பும் தட்டை விளக்குகள் வந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் ஓஎல்இடி மாதிரியே இருக்கும், விலையோ மிகக் குறைவு. அறைக்கு அது போதும் என்று பலர் முடிவு செய்தார்கள். நானும் ஒன்றை ஒரு மாதம் மேசையில் வைத்துப் பார்த்தேன். நிழல் ஒன்றுதான், அதுவரை சரி. ஆனால் எஃகில் பிரதிபலிக்கும்போது பலகையின் ஒரு விளிம்பு பிரகாசமாகவும் நடு மங்கலாகவும் தெரிந்தது. தலையும் கனம். திருப்பிக் கொடுத்துவிட்டேன். எது எது என்று சந்தேகம் வந்தால் அணைத்துவிட்டுப் பாருங்கள். விளிம்பு எல்இடி பலகை பால் வெள்ளையாக இருக்கும். என்னிடம் இருந்த ஓஎல்இடி பேனல்கள் இரண்டும் அணைந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுபவை. மேலே படலம் ஒட்டியவை சற்று மங்கலாகத் தெரியும்.

இனி என் முதல் விளக்கு. மூன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் பேனலின் இடது மூலையில் ஊசிமுனை அளவு சாம்பல் புள்ளி. தூசி என்று துடைத்தேன், போகவில்லை. லூப் வைத்துப் பார்த்தால் நடுவில் கருப்பு, சுற்றிலும் மங்கிய வளையம். கண்ணாடியின் மேல் மார்க்கரால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதினேன். அடுத்த மாதம் புள்ளி என் வட்டத்தைத் தாண்டியிருந்தது. மூன்றாவது மாதம் பக்கத்தில் இன்னும் இரண்டு முளைத்தன.

இது ஈரம் செய்த வேலை. கரிம அடுக்கையும் உலோக மின்முனையையும் நீராவி தொட்டால் அந்த இடம் ஒளியை இழக்கிறது, பிறகு பரவுகிறது. ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு நாளைக்கு ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீராவிக்கு மேல் நுழையக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் அடைப்புக்கு வைத்திருக்கும் அளவு. ஒளிராமல் சும்மா கிடந்தாலும் ஈரம் நுழைந்தால் புள்ளி வளரும். கடிகாரத்துக்குள் ஈரம் போய் டயல் கெடுவதைப் பார்த்தே வயதானவன் நான். ஆனால் கடிகாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் கேஸ்கெட் வளையத்தை மாற்றலாம். இதில் மாற்ற எதுவும் இல்லை.

ஆறாவது மாதம் ஒரு காலையில் சுவிட்சைப் போட்டேன், பேனல் எரியவில்லை. தொட்டுப் பார்த்தால் பரப்பெல்லாம் ஆறிக் கிடக்க, ஒரே ஒரு இடம் மட்டும் சுட்டது. உள்ளே இரண்டு மின்முனைகளும் அந்த இடத்தில் தொட்டுக்கொண்டு, மொத்த மின்னோட்டமும் அதன் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. உடனே பிடுங்கிவிட்டேன்.

விளக்கைச் செய்த நிறுவனத்துக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது: உத்தரவாதம் இரண்டு வருடம், முடிந்துவிட்டது, பேனல் தலையோடு சேர்த்து ஒட்டப்பட்டது, தனியாக விற்பதில்லை, அந்த அளவுப் பேனல் இப்போது தயாரிப்பிலேயே இல்லை. தாங்கி, கை, மூட்டு, பேனலுக்கு மின்சாரம் தரும் டிரைவர் எல்லாம் புதிதுபோல இருக்க, முழு விளக்கும் குப்பை. அறுபது வருடத்துக்கு முந்திய கடிகாரத்துக்கு நான் அச்சு கடைந்து போடுகிறேன். நான்கு வருட விளக்குக்கு வழி இல்லை என்ற பதிலை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த ஒரு நிறுவனத்தை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பேனல் செய்கிறவர்களே ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்தார்கள். பிலிப்ஸ் தன் ஓஎல்இடி விளக்குத் தொழிலை 2015-இல் ஓஎல்இடிவொர்க்ஸ் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. பெரிய ஆலையோடு இறங்கிய எல்ஜி டிஸ்ப்ளே 2019-இல் விளக்கை விட்டுவிட்டு டிவி, மொபைல் திரைகளின் பக்கம் போனது. கார்களின் பின்விளக்கில் மட்டும் ஓஎல்இடிக்கு நல்ல இடம் கிடைத்தது. 2016-இல் பிஎம்டபிள்யூவும் ஆடியும் போட்டன. அங்கே வடிவமும் மெல்லிய தோற்றமும் முக்கியம், லூமன் கணக்கை யாரும் கேட்பதில்லை. மேசை விளக்குக்குப் பேனல் செய்ய மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர். ஒருவர் நிறுத்தினால் அவர் பேனலை நம்பிய விளக்குகள் எல்லாம் அநாதை.

அதனால் இரண்டாவது விளக்கை வாங்குமுன் ஒளியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேனலைக் கழற்ற முடியுமா, டிரைவரின் மின்னோட்டமும் வோல்ட்டும் எழுதித் தருவீர்களா, பேனல் தனியாகக் கிடைக்குமா என்ற மூன்றை மட்டும் கேட்டேன். மூன்றுக்கும் ஆம் என்று எழுத்தில் தந்தவரிடம் வாங்கினேன். நான்கு ஸ்க்ரூ, ஒரு இரட்டைப் பின் செருகி, அவ்வளவுதான். வந்த அன்றே கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டேன். ஒளியைக் குறைக்கும் முறையும் இதில் மேல். பழையதில் குறைத்து வைத்தால் மொபைல் கேமராவில் பட்டை பட்டையாக ஓடும், இதில் ஓடவில்லை.

நகை, தையல், ஓவியம், கடிகாரம் என்று கண்ணை நம்பிப் பிழைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். எல்இடி மேசை விளக்கைவிடப் பல மடங்கு விலை ஆகும். நான் அதைக் கண்ணுக்குக் கொடுத்த காசாகவே எண்ணிக்கொள்கிறேன். அறை முழுக்க வெளிச்சம் வேண்டும் என்பவருக்கு இது சரிப்படாது. பேனல் ஒட்டியிருக்கும் விளக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள்.

உதிரிப் பேனல் ஒன்றையும் அப்போதே வாங்கிவிட்டேன். பழைய டயல்களை வைக்கும் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அது இருக்கிறது. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் எரியவிட்டு, நான்கு மூலைகளையும் லூப்பில் பார்த்து, தேதியைக் குறித்துவிட்டுத் திரும்ப மூடிவைக்கிறேன்.