அந்த 2 சதவீத எலாஸ்டேன்: ஒரு ஜீன்ஸோடு பல வருஷம்

இந்த ஜீன்ஸின் விலை குறைந்திருக்கிறதாம். "நீ வருஷக்கணக்கா போடுறியே, வாங்கலாமா?" என்று தோழி கேட்டாள். கிழிந்த ஜீன்ஸில் இரண்டாவது ஒட்டுப் போட்டு வாங்கி வந்த கையோடு கேட்டதால் என் பதில் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தையல் அருமை. கால் நெடுக உள்பக்கத்தில் துணியின் இரண்டு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறார்கள். இன்றுவரை ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பாக்கெட்டின் உள்துணியில் ஓட்டை கிடையாது. ஜிப் முதல் நாள் ஓடியது போலவே ஓடுகிறது. நீலம் வெளுத்ததிலும் ஒரு அழகு இருக்கிறது, புதிதாக இருந்ததைவிட இப்போதுதான் எனக்குப் பிடிக்கிறது. ஆர்கானிக் பருத்தி, குறைந்த தண்ணீரில் சாயம் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். அதற்காகத்தான் வாங்கினேன்.

அப்புறம் எதற்குக் கோபம்? இடுப்புப் பட்டிக்கு உள்ளே தைத்திருக்கும் சின்ன லேபிளைப் பாருங்கள்: 98% பருத்தி, 2% எலாஸ்டேன். வெளியே தொங்கிய அட்டையில் அந்த 2 சதவீதத்தைப் பற்றி 'கம்ஃபர்ட்' என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது.

எலாஸ்டேன் என்பது ரப்பர் மாதிரி இழுபடும் செயற்கை இழை. ஸ்ட்ரெட்ச் டெனிமில் அதை நடுவில் வைத்து, சுற்றிலும் பருத்தியை முறுக்கி நூலாக்குகிறார்கள். உட்கார, குனிய சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பருத்திக்கு முன்பே அது உயிரை விட்டுவிடுகிறது. அதற்குச் சூடு ஆகாது, குளோரின் ப்ளீச் ஆகாது, இழுபட்டு இழுபட்டே தளர்ந்தும் போகும். எனக்கு முதலில் முட்டி தொளதொளத்தது. ஆரம்பத்தில் துவைத்தால் பழையபடி ஆனது, பிறகு துவைத்தும் ஆகவில்லை. அடுத்து உள்தொடையில் துணி அலை அலையாகச் சுருங்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நீல நூல்களுக்கு நடுவே முடியைவிட மெல்லிய வெள்ளை இழைகள் சுருண்டு நீட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் அறுந்த எலாஸ்டேன். அந்த இடத்தில்தான் துணி நைந்து கிழிந்தது.

சரி, ஒட்டுப் போடலாம் என்றால் அங்கேயும் வம்பு. முதல் தடவை சாதாரண டெனிம் துண்டை உள்ளே வைத்து, மெஷினில் முன்னும் பின்னுமாக ஓட்டித் தைத்தார்கள். ஒட்டு இழுபடாது, சுற்றியிருக்கும் துணி இழுபடும். உட்காரும்போதெல்லாம் ஒட்டின் விளிம்பில் இழுவை விழுந்து, விளிம்பை ஒட்டியே புதுக் கிழிசல் வந்தது. இந்தத் தடவை தையல்காரரே யோசித்து, ஸ்ட்ரெட்ச் துணியிலேயே இன்னும் பெரிய ஒட்டாக எடுத்து ஜிக்ஜாக் தையல் போட்டுக் கொடுத்தார். "தையலுக்கு ஒண்ணும் ஆகலை, துணிதான் செத்துப்போச்சு" என்றார்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆற்றாமை என்றால், லீவைஸ் நிறுவனம் 2015இல் வெளியிட்ட கணக்குப்படி அவர்களுடைய '501' மாடல் ஜீன்ஸ் ஒன்று தன் முழு ஆயுளுக்கும் 3,781 லிட்டர் தண்ணீர் குடிக்கிறது. அதில் 68 சதவீதம் பருத்தி விளைவிக்கவே போய்விடுகிறது. அதாவது நாம் கடைக்குள் நுழையும் முன்பே செலவான தண்ணீர். வாங்கியவர் செய்யக்கூடியதில் பெரியது, நீண்ட நாள் உடுத்துவது. அதைத்தான் இந்த 2 சதவீதம் கெடுக்கிறது. மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடலாம் என்பதும் பெரிய ஆறுதல் இல்லை. உடை தயாரிக்கப் பயன்படும் பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மறுபடி புது உடையாகிறது என்கிறது, பொருள்களை வீணாக்காமல் மறுபடி பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தும் எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் 2017 அறிக்கை. கலப்பு இழை என்றால் பிரிப்பதும் பெரும்பாடு. அதே அறக்கட்டளை 2019இல் ஜீன்ஸுக்கென்றே வழிகாட்டி விதிகள் கொண்டுவந்தது: குறைந்தது 98 சதவீதம் பருத்தி போன்ற செல்லுலோஸ் (தாவரப் பொருளால் ஆன) இழை இருக்க வேண்டும், குறைந்தது 30 துவைப்பு தாங்க வேண்டும். நல்ல முயற்சிதான். ஆனாலும் அந்த 2 சதவீதத்துக்கு அங்கேயும் இடம் விட்டிருக்கிறார்களே! 30 துவைப்பெல்லாம் டெனிமுக்கு ஒரு ஆயுளா?

நியாயமாகச் சொன்னால், முழுப் பருத்தி ஜீன்ஸும் தொடையில் கிழியத்தான் செய்யும். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. புதிதில் விறைப்பாக இருந்து படுத்தி எடுத்தது. ஆனால் அதில் போட்ட ஒட்டு அசையாமல் நிற்கிறது.

ஆகவே தோழிக்கு என் பதில்: வாங்காதே. இன்னும் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். இதே தையலில், எலாஸ்டேன் இல்லாமல் ஒன்று போடுங்கள் என்று கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். வந்தால் முதல் ஆளாக நானே வாங்குவேன்.

ஏற்கெனவே ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ் வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்புறம் வெளியே வரத் திருப்பி, பச்சைத் தண்ணீரில் துவைத்து, நிழலில் காயப் போடுங்கள். டிரையர் வேண்டவே வேண்டாம். உள்தொடையை அவ்வப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை இழை எட்டிப் பார்த்ததுமே, ஓட்டை விழும்வரை காத்திராமல், ஸ்ட்ரெட்ச் துணியிலேயே ஒட்டுப் போடச் சொல்லுங்கள்.