மின்காரா, பெட்ரோல் காரா: குமரி மாவட்டச் சாலைகளில் ஓர் ஒப்பீடு

லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரை மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டாலும் எரிபொருளுக்கு மட்டும் 6250 ரூபாய் ஆகும். அதே தொலைவுக்கு, யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் மின்காருக்கு ஏறத்தாழ 167 யூனிட் போதும். யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 1670 ரூபாய்தான். ஆனால் நம் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுவதால், காருக்கான 334 யூனிட்டும் வீட்டுப் பயன்பாடும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டும்போது கட்டண அடுக்கே உயர்ந்துவிடும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். பொது விரைவு மின்னேற்ற நிலையங்களில் யூனிட் 20 ரூபாயை ஒட்டி வந்தால் மாதச் சேமிப்பு ஏறத்தாழ 4580 ரூபாயிலிருந்து 2910 ரூபாயாகக் குறையும்.

தொலைவைப் பொறுத்தவரை, ஒருமுறை முழுதாக மின்னேற்றினால் 400 கிலோமீட்டர் ஓடும் என்று அறிவிக்கப்பட்ட மின்கார் நடைமுறையில் 300 கிலோமீட்டர் ஓடினாலே நிறைவு கொள்ளலாம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ சென்று திரும்ப இது தாராளம். தென்மேற்குப் பருவத்தில் திருநெல்வேலியிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திரும்புகையில், முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று எதிர்த்து வீசுவதால் மின்கலம் விரைவாகக் குறையும். பெட்ரோலும் கூடுதலாகத்தான் செலவாகும், எனினும் வழியெங்கும் பங்க் இருப்பதால் அது கவலை தருவதில்லை. பேச்சிப்பாறைப் பக்கத்து இறக்கங்களிலோ மின்கார் ஓரளவு மின்சாரத்தை மீட்டுக்கொள்கிறது.

சென்னைக்கு அடிக்கடி செல்பவருக்குப் பெட்ரோல் காரையே பரிந்துரைப்பேன். வீட்டு முற்றத்தில் மின்னிணைப்பு வசதியுடன், தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நாள்தோறும் சென்றுவருபவர் மின்காரைத் தயங்காமல் வாங்கலாம்.